தனியாக இருந்தாரா, தனியாக எழுதினாரா?
எட்வர்ட் ஆபியின் பாலைவன நூலை வகுப்புக்குக் கொண்டுபோகும் முன்

'பாலைவனம்' என்று வெண்பலகையில் எழுதிவிட்டு, படிவம் மூன்று மாணவர்களை ஐந்து வாக்கியம் எழுதச் சொல்லிப் பாருங்கள். மணல் வரும், ஒட்டகம் வரும், கானல்நீர் வரும், தாகத்தால் தவிக்கும் பயணி ஒருவர் வருவார். ஐந்தாவது வாக்கியத்துக்குள் சரக்கு தீர்ந்துவிடும். "அங்கதான் ஒன்னுமே இல்லையே டீச்சர், என்னத்த எழுதுறது?" என்ற கேள்வியும் வரும். மழைக்காட்டு நாட்டில் வளரும் பிள்ளைகளை இதற்காகக் குறை சொல்ல முடியாது. அவர்கள் பார்த்த பாலைவனம் எல்லாம் சினிமாப் பாட்டில் வந்தது.

இந்த 'ஒன்னுமே இல்லை'யை உடைத்துப் போடும் நூல் ஒன்று ஆங்கிலத்தில் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் எட்வர்ட் ஆபி எழுதி 1968-இல் வெளிவந்த 'டெசர்ட் சாலிடேர்'. ஒரு டிரெய்லர் வண்டியில் தங்கி, பாம்பையும் மரத்தையும் மேகத்தையும் பார்த்துக்கொண்டு பாலைவனத்தில் தனியாக ஒரு பருவத்தைக் கழித்த மனிதரின் குறிப்புகளாக அந்த நூல் அமைந்திருக்கிறது. இன்று கேம்பர் வேன் எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்புகிறவர்கள் பலருக்கு அது வேதப் புத்தகம் மாதிரி. இயற்கையைப் பற்றி எழுதக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களும் அதை முன்மாதிரியாக எடுத்துக்கொள்வது உண்டு.

எடுத்துக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் இந்த நூலில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒரு பொருளை எப்படிப் பார்ப்பது என்பது முதல் பாடம். பார்த்ததை எழுதும்போது யாரை வெளியே நிறுத்திவிடுகிறோம் என்பது இரண்டாவது. முதல் பாடத்தை ஆபியே நன்றாக நடத்துகிறார். இரண்டாவதை, அவரையே எடுத்துக்காட்டாக வைத்து, நாம்தான் நடத்த வேண்டும்.

இடமும் வேலையும்

இடம், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் என்ற சிற்றூருக்கு அருகிலுள்ள ஆர்ச்சஸ். சிவந்த மணற்கல் பாறைகள் மழையிலும் உறைபனியிலும் அரிக்கப்பட்டு, நடுவில் ஓட்டை விழுந்து, வளைவு வளைவாக நிற்கும் நிலம். அப்படிப்பட்ட வளைவுகள் 2000-க்கு மேல் அங்கே உள்ளன. ஆண்டு மழை ஏறக்குறைய 200 முதல் 250 மில்லிமீட்டர்தான். நம் நாட்டில் சில ஊர்களில் ஒரே மாதத்தில் அவ்வளவு மழை பெய்துவிடும்.

1929-இல் அது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1956-இலும் 1957-இலும் ஆபி அங்கே பருவகால ரேஞ்சராக வேலை பார்த்தார். அரசாங்கம் தந்த டிரெய்லர்தான் வீடு. சுற்றுலாப் பயணிகளுக்கு வழி சொல்வது, முகாம் இடத்தைச் சுத்தம் செய்வது, குப்பையை அள்ளுவது, இவையெல்லாம் வேலை. ஆக, இது விடுமுறையில் ஊர் சுற்றப் போனவர் எழுதிய நூல் அல்ல. சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரே இடத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர் எழுதியது. நூலின் பலம் இங்கிருந்துதான் வருகிறது. நாளுக்கு ஓர் ஊர் என்று வண்டியை விரட்டுகிறவர்களுக்கு இந்தப் பார்வை கிடைக்காது.

டார்ச் லைட்டை அணைத்த பிறகு

நூலின் தொடக்கத்தில் சின்னதாக ஒரு செய்தி வருகிறது. இரவில் வெளியே நடக்கும்போது டார்ச் லைட் அடித்தால், முன்னால் விழும் வெளிச்ச வட்டம் மட்டும்தான் தெரிகிறது; மற்ற உலகம் முழுவதும் காணாமல் போகிறது. அணைத்துவிட்டால் கண் மெல்லப் பழகி, சுற்றியுள்ள நிலம் எல்லாம் தெரியத் தொடங்குகிறது. டிரெய்லருக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டரும் அப்படியே. அதை ஓடவிட்டதும் சத்தமும் வெளிச்சமும் அவரை ஒரு பெட்டிக்குள் அடைத்துவிடுகின்றன. நிறுத்திய பிறகுதான் இரவு திரும்பி வருகிறது.

இதை அவர் தத்துவமாகத் தொடங்குவதில்லை. டார்ச் லைட், ஜெனரேட்டர், இருட்டு என்று பொருள்களை நம் முன்னால் வைத்துவிட்டு, பிறகுதான் கருத்துக்கு வருகிறார். நம் மாணவர் கட்டுரைகளில் இது தலைகீழாக நடக்கும். 'இயற்கை நமக்குத் தாய் போன்றது' என்று தொடங்கி, கடைசிவரை ஓர் இலைகூட வராமல் கட்டுரை முடிந்துவிடும்.

இன்னொரு நல்ல பகுதி, பாம்புகளைப் பற்றியது. டிரெய்லரைச் சுற்றி எலித் தொல்லை. எலியைத் தேடி விஷமுள்ள கிலுகிலுப்பைப் பாம்பு வருகிறது. ஒரு நாள் காலை வாசற்படியில் உட்கார்ந்து காப்பி குடிக்கும்போது அது அவருடைய காலுக்கடியிலேயே கிடக்கிறது. மனுஷன் அதைக் கொல்லவில்லை. மண்வெட்டியால் தூக்கித் தூரமாக எறிகிறார். பிறகு கோஃபர் பாம்பு எனப்படும் விஷமில்லாத பாம்பு ஒன்றைப் பிடித்து வந்து டிரெய்லருக்குள்ளேயே குடிவைக்கிறார். எலி போய்விடுகிறது. பாம்பை இடுப்பில் சுற்றிக்கொண்டு நடமாடும் அளவுக்கு இருவருக்கும் பழக்கம் ஆகிவிடுகிறது. சில வாரம் கழித்து, இரண்டு கோஃபர் பாம்புகள் பின்னிப் பிணைந்து ஆடுவதை அவர் தரையில் தவழ்ந்துபோய்ப் பார்க்கிறார். அவை திரும்பி அவரை நோக்கி வந்ததும் பயந்து எழுந்துவிடுகிறார். அதில் ஒன்று தன் பழைய நண்பனாக இருக்குமோ என்று ஆசைப்படுகிறார். உடனே, விலங்கின் மேல் மனித உணர்ச்சியை ஏற்றிச் சொல்கிறோமோ என்று தன்னையே சந்தேகிக்கவும் செய்கிறார்.

அந்தச் சந்தேகம் முக்கியம். 'பாம்பு என்னைப் பார்த்துச் சிரித்தது' என்று மாணவர் எழுதும்போது, அது அணியா, கவனக்குறைவா என்று பேசுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

தண்ணீர் இல்லாத ஊரா?

தண்ணீரைப் பற்றிய அத்தியாயம் நூலின் நடுப்பகுதியில் வருகிறது. தண்ணீர் மட்டும் இருந்தால் இது நல்ல ஊர் என்கிறார் ஒரு சுற்றுலாப் பயணி. ஆபிக்கு அது பிடிக்கவில்லை. அவருடைய வாதத்தின் சாரம் இது: பாலைவனத்தில் தண்ணீருக்குப் பஞ்சமே கிடையாது, அங்கே எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு இருக்கிறது. செடிக்கும் செடிக்கும், விலங்குக்கும் விலங்குக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை அந்த அளவுதான் முடிவு செய்கிறது. நகரம் இருக்கக்கூடாத இடத்தில் நகரத்தைக் கட்டினால்தான் 'பஞ்சம்' என்ற சொல்லே பிறக்கிறது.

வாதம் கொஞ்சம் முரட்டுத்தனமானதுதான். ஆனால் உயிரியல் அவர் பக்கம் நிற்கிறது. அங்குள்ள கங்காரு எலிக்குத் தண்ணீர் குடிக்க வேண்டிய தேவையே இல்லை. தின்னும் விதையிலிருந்தே உடல் தனக்கு வேண்டிய நீரை உருவாக்கிக்கொள்கிறது. ஜூனிப்பர் மரம் வறட்சி கடுமையானால் ஒரு கிளைக்குப் போகும் நீரை நிறுத்தி, அந்தக் கிளையைச் சாகவிட்டு மரத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது. பாதி பட்டுப்போய் நிற்கும் மரத்தைப் பார்த்து நாம் 'பாவம்' என்போம். அது கணக்குப் போட்டு வாழ்ந்துகொண்டிருக்கிறது. மண்ணைத் தோண்ட வசதியாகப் பின்னங்காலில் மண்வெட்டி போன்ற பகுதியைக் கொண்ட தேரை ஒன்று உண்டு. மாதக்கணக்கில் மண்ணுக்குள் கிடந்து, மழை பெய்ததும் வெளியே வந்து கூவி, துணை தேடி, முட்டையிடுகிறது. குட்டை வற்றுவதற்குள் தலைப்பிரட்டைகள் தேரையாகிவிட வேண்டும். சில வாரம்தான் அவகாசம். யூக்காச் செடிக்கோ தனியாக ஓர் அந்துப்பூச்சி. அது பூவில் மகரந்தத்தைச் சேர்த்துவிட்டு அங்கேயே முட்டையிடும். அந்தப் பூச்சி இல்லையென்றால் காய் இல்லை. காய் இல்லையென்றால் பூச்சியின் குஞ்சுக்கு உணவு இல்லை.

தேரையும் யூக்காப் பூச்சியும் ஆபியின் நூலிலேயே வருகின்றன. 'ஒன்னுமே இல்லை' என்று சொன்ன மாணவருக்கு இந்த நான்கு உயிர்களே போதும்.

தனிமை எவ்வளவு உண்மை?

இதுவரை சொன்னது பாராட்டு. இனிமேல் வருவது கணக்குப் பார்ப்பது.

நூலின் முன்னுரையில், தான் அங்கே வேலை பார்த்தது ஒரு பருவம் அல்ல, மூன்று பருவங்கள் என்று ஆபி சொல்லிவிடுகிறார். நூலுக்குள் அவை ஒரே பருவம்போல் ஏப்ரல் மாதத்தில் தொடங்கி இலையுதிர்காலத்தின் வாசலில் முடிகின்றன. இதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஹென்றி டேவிட் தோரோ வால்டன் குளக்கரையில் வாழ்ந்த இரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தை நூலில் ஓராண்டாகச் சுருக்கினார். வாசகரிடம் சொல்லிவிட்டுச் சுருக்கலாம்.

ஆனால் ஆபி சொல்லாமல் விட்ட ஒன்றும் உண்டு. அந்தப் பருவங்களின் ஒரு பகுதியில் அவருடைய மனைவியும் கைக்குழந்தையான மகனும் அதே டிரெய்லரில் அவரோடு இருந்தார்கள். அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் படித்தவர்களுக்கு இது தெரிந்த செய்தி. நூலைப் படிக்கிறவருக்கோ தெரியாது. வாசற்படியில் காப்பி குடிக்கும் மனிதர் இருக்கிறார், காலடியில் பாம்பு இருக்கிறது, உள்ளே எலிகூட இருக்கிறது. தொட்டில் இல்லை.

"அதனால என்ன? இலக்கியம்னா எல்லாத்தையும் எழுதணுமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எழுத்து என்றாலே தேர்ந்தெடுப்பதுதான். ஒருவர் தன் குடும்பத்தை வாசகர் கண்ணிலிருந்து ஒதுக்கி வைப்பதற்கு நல்ல காரணமும் இருக்கலாம். நூலில் பேசும் 'நான்' ஒரு பாத்திரம்தானே என்றும் சொல்லலாம்.

ஆனால் இந்த நூலில் தனிமை ஓரமாக வரும் செய்தி கிடையாது. தலைப்பிலேயே அது இருக்கிறது; 'சாலிடேர்' என்றால் ஒருவர் தனியாக ஆடும் சீட்டாட்டம். தனியாக இருந்ததால்தான் இப்படிப் பார்க்க முடிந்தது என்பதுதான் நூல் நம்மிடம் வைக்கும் வாதம். ஓர் இடத்தில், டிரெய்லருக்குள் உட்கார்ந்து இரவுச் சாப்பாடு சாப்பிடும்போது தனிமை அழுத்துகிறது என்றும், வெளியே வந்து நெருப்புப் பக்கத்தில் சாப்பிட்டதும் அந்த அழுத்தம் விலகிவிடுகிறது என்றும் எழுதுகிறார். அழகான பகுதி. ஆனால் அந்த அழகு முழுக்க, உள்ளே வேறு யாரும் இல்லை என்பதன் மேல்தான் நிற்கிறது. காலத்தைச் சுருக்குவதால் வாதம் மாறாது. ஆளை மறைத்தால் வாதமே மாறிப்போகிறது.

இன்னும் ஒரு படி மேலே போய்ப் பார்ப்போம். குழந்தையும் மனைவியும் உடன் இருந்த நாள்களிலும் அவர் பாலைவனத்தைக் கூர்மையாகத்தான் பார்த்திருக்க வேண்டும். அப்படியானால், கூர்மையாகப் பார்க்கத் தனிமை கட்டாயம் இல்லை என்று அவருடைய வாழ்க்கையே காட்டுகிறது. நூல் அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. இதனால் நஷ்டம் யாருக்கு? வீட்டில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டே வளரும் நம் மாணவிக்குத்தான். இயற்கையைப் பார்ப்பது என்றால் எல்லாரையும் விட்டுவிட்டுப் போகிற ஆண்பிள்ளை வேலை என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

2018-இல், ஆபியின் நூலுக்கு ஐம்பது வயது ஆன ஆண்டில், ஏமி இர்வின் என்ற எழுத்தாளர் 'டெசர்ட் கபால்' என்ற சிறு நூலை எழுதினார். இறந்துபோன ஆபியிடமே நேரடியாகப் பேசுவதுபோல் அமைந்த நூல். அவரை நேசித்துக்கொண்டே சண்டை போடுகிறார். தனிமை எல்லாருக்கும் ஒன்றுபோல் கிடைக்கும் பொருளா, தனியாகப் பயணம் போகும் பெண்ணுக்குப் பாலைவனத்தில் பாம்பு மட்டும்தான் பயமா என்று கேட்கிறார். ஆபியை வகுப்பில் கொடுத்தால், இர்வின் கேட்ட கேள்வியையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

ஆளில்லாத நிலமா?

மறைந்தவர்கள் குடும்பத்தினர் மட்டுமல்ல. ஆர்ச்சஸ் வட்டாரப் பாறைகளில் பழங்குடியினர் செதுக்கிய ஓவியங்கள் உள்ளன. ஆபி அந்த ஓவியங்களை ரசிக்கிறார், அவற்றைச் செதுக்கியவர்கள் எங்கே போனார்கள் என்று யோசிக்கிறார். தன் காலத்தில் உயிரோடு வாழ்ந்த நவஹோ மக்களைப் பற்றி எழுதும்போதோ, வறுமை, மக்கள்தொகை என்று பெரும்பாலும் ஒரு சமூகப் பிரச்சினையாகவே பேசுகிறார். பாம்புக்குக் கிடைத்த நெருக்கமான பார்வை அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இப்படித்தான் எழுத முடியும் என்று கட்டாயம் இல்லை. ஆபிக்கு 65 ஆண்டுகளுக்கு முன்பே, 1903-இல், மேரி ஆஸ்டின் என்ற பெண் எழுத்தாளர் 'தி லேண்ட் ஆஃப் லிட்டில் ரெயின்' என்ற நூலை எழுதினார். கலிபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கையும் அதை ஒட்டிய பாலைநிலத்தையும் பற்றிய நூல் அது. சின்ன விலங்குகளின் தடங்கள் தண்ணீர் இருக்கும் இடத்தை நோக்கி எப்படிப் போகின்றன என்று ஓர் அத்தியாயம். பிணம் தின்னும் பறவைகளுக்கு ஓர் அத்தியாயம். அதே நூலில், கூடை முடையும் பழங்குடிப் பெண் செயாவிக்கும் ஓர் அத்தியாயம். போரில் கணவனை இழந்து, பிள்ளையைத் தனியாக வளர்த்து, முதுமையில் பார்வையையும் இழந்த பெண் அவள். அவளுடைய கூடையின் அழகு அந்த நிலத்திலிருந்து எப்படி வருகிறது என்று ஆஸ்டின் பார்க்கிறார். விலங்கைப் பார்க்கும் கண்ணாலேயே மனிதரையும் பார்க்கிறார். ஆனால் மனிதரை விலங்காக்குவதில்லை. ஆபியைவிட ஆஸ்டினின் நடை மெதுவானது, சிரிப்பும் குறைவு. நேர்மையில் மட்டும் ஒரு படி மேலே.

தமிழாசிரியர்களாகிய நமக்கு இது புதிய செய்தியே இல்லை. பாலைத் திணையின் உரிப்பொருள் பிரிவு. வறண்ட வழியில் நடக்கிறவன் தனியாகத்தான் நடக்கிறான். ஆனால் பாட்டுக்குள் அவன் தனியாக இல்லை. வீட்டில் ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கு ஆறுதல் சொல்லும் தோழி இருக்கிறாள். பாலை பாடிய பெருங்கடுங்கோவின் குறுந்தொகைப் பாட்டில், ஆண் யானை யா மரத்தை உரித்துப் பெண் யானையின் பசியைத் தீர்க்கிற காட்சி வருமே, அதை நினைத்துப் பாருங்கள். அதுவும் கூர்மையான இயற்கைப் பார்வைதான். ஆனால் அந்தப் பார்வையே, விட்டுவந்தவளை ஞாபகப்படுத்துகிறது. சங்கப் புலவரின் பாலை அமெரிக்கப் பாலைவனம் அல்ல; முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்து உண்டாவது. நிலம் வேறு, காலம் வேறு, மரபும் வேறு. ஒப்பிட்டு மார்தட்ட வேண்டியதில்லை. ஆனால், பிரிந்தவரை மறைக்காமலேயே தனிமையை எழுத முடியும் என்பதற்கு நம் பாடத்திட்டத்திலேயே சான்று இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

முயல், டயர், வண்டி

ஆபி தன்னை நல்லவராகக் காட்டிக்கொள்வதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். ஒரு நாள், கையில் ஆயுதம் இல்லாவிட்டால் வேட்டையாட முடியுமா என்று சோதித்துப் பார்க்க, கல்லை எறிந்து ஒரு முயலைக் கொல்கிறார். பசி இல்லை, தேவையும் இல்லை. குற்ற உணர்ச்சி வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் மகிழ்ச்சி வந்தது என்று மறைக்காமல் எழுதுகிறார். இன்னோர் அத்தியாயத்தில், நண்பர்களோடு சேர்ந்து ஒரு பழைய டயரை மாபெரும் பள்ளத்தாக்கான கிராண்ட் கேன்யனுக்குள் உருட்டிவிட்டதையும் சொல்கிறார். பூங்காவுக்குள் சாலை போட அளவெடுத்து நட்ட குச்சிகளைப் பிடுங்கிப் போட்டதையும் சொல்கிறார்.

இவ்வளவையும் வெளியே சொல்கிற மனிதர், குடும்பத்தை மட்டும் சொல்லவில்லை என்பதுதான் யோசிக்க வைக்கிறது. முரட்டுத்தனத்தை ஒப்புக்கொண்டால் 'தனி மனிதன்' என்ற படம் இன்னும் உறுதியாகும். குழந்தைக்குத் துணி மாற்றியதை எழுதினால் அந்தப் படம் உடைந்துவிடும். எதை ஒப்புக்கொள்கிறோம் என்பதிலும் ஒரு தேர்வு இருக்கிறது.

கார்களைப் பற்றிய அத்தியாயம் இன்றைக்கும் சூடாக இருக்கிறது. தேசியப் பூங்காக்களுக்குள் காரையே விடக்கூடாது, நடந்தோ குதிரையிலோ மிதிவண்டியிலோ வரட்டும், புதிய சாலையும் வேண்டாம் என்பது அவர் கட்சி. காரை விட்டு இறங்குங்கள், நடங்கள், தேவையானால் தவழுங்கள் என்கிறார். நடந்தது வேறு. 1971-இல் ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. 2021-இல் ஒரே ஆண்டில் 18 லட்சம் பேர் வந்தார்கள். 2022-இல் நேரம் பதிவு செய்தால்தான் உள்ளே விடுவோம் என்ற ஏற்பாட்டைத் தொடங்க வேண்டியதாயிற்று. யாரும் வராத இடம் என்று எழுதிய நூலைப் படித்துவிட்டு வந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள்.

'தவழுங்கள்' என்ற அறிவுரையும் இப்போது செல்லாது. அங்கே மண்ணின் மேற்பரப்பில் நுண்ணுயிர்களும் பாசியும் லைக்கனும் சேர்ந்து உண்டாக்கிய கறுத்த மேலோடு இருக்கிறது. மண் பறந்துபோகாமல் பிடித்துவைப்பதும், நீரைத் தக்கவைப்பதும் அதுதான். ஒரு காலடி பட்டு உடைந்தால் பழைய நிலைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். அதனால்தான், பாதையை விட்டு இறங்காதீர்கள், வெறும் பாறையிலோ மணல் ஓடையிலோ நடங்கள் என்று பூங்காக்காரர்கள் சொல்கிறார்கள். நிலத்தை நேசிப்பவர் அதைத் தொட்டுப் பார்க்கத்தான் வேண்டும் என்பதில்லை.

தனிப் பயணத்தின் ஆபத்தையும் பேசிவிட வேண்டும். ஆபியே ஹவாசு பள்ளத்தாக்கில் இறங்கிவந்த வழியில் திரும்ப ஏற முடியாமல் மாட்டிக்கொண்டு, சாவைப் பார்த்துவிட்டு வந்த கதையை எழுதியிருக்கிறார். வாசிக்கும்போது சாகசமாக இருக்கும். 2003-இல் இதே யூட்டாவில் ஏரன் ரால்ஸ்டன், போகும் இடத்தை யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போய், பாறையில் கை சிக்கி, ஐந்து நாளுக்குப் பிறகு கையை அறுத்துக்கொண்டு வெளியே வந்தார். ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது தனிமையைக் கெடுத்துவிடாது. மாணவர்களிடம் இதைச் சொல்லாமல் இந்த நூலைக் கொடுக்கக் கூடாது.

வகுப்பில் எப்படி?

நூல் முழுவதும் வேண்டாம். ஆங்கிலமும் கடினம், சில பகுதிகள் இளையவர்களுக்கு ஏற்றவையும் அல்ல. பாம்பு, தண்ணீர் ஆகிய இரண்டு அத்தியாயங்களின் செய்திகளை ஆசிரியர் தமிழில் கதையாகச் சொன்னால் போதும். அதன்பிறகு:

1. பள்ளி வளாகத்தில் ஆளுக்கோர் இடம். சுவர் ஓரம், சாக்கடை ஓரம், பந்தலுக்கு அடியில், எங்கே வேண்டுமானாலும். 20 நிமிடம் அசையாமல் உட்கார்ந்து, கண்ணில் பட்டதை மட்டும் குறிக்கட்டும். 'அழகான', 'இனிமையான' ஆகிய சொற்களுக்கு அன்று விடுமுறை.

2. அடுத்த நாளும் அதே இடம், அதே நேரம். முதல் நாள் பார்க்காத மூன்று விஷயங்களை எழுதட்டும். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதுதான் ஆபியிடம் கற்க வேண்டிய தொழில்.

3. குறிப்புகளை ஒரு பத்தியாக்கிய பிறகு, கீழே ஒரு கோடு போட்டு, 'நான் விட்டுவிட்டவை' என்று எழுதட்டும். பக்கத்தில் யார் இருந்தார்கள்? கூட்டிப் பெருக்கும் அக்கா அந்த வழியே போனாரா? நண்பன் பேசிக்கொண்டிருந்தானா? ஏன் அவர்களை எழுதவில்லை?

4. கடைசியாக, விட்டுவிட்டவர்களில் ஒருவரையாவது சேர்த்து அந்தப் பத்தியைத் திருத்தி எழுதட்டும். எது நன்றாக இருக்கிறது என்று வகுப்பே பேசட்டும். சில சமயம் முதல் பத்திதான் நன்றாக இருக்கும். அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் காரணம் சொல்ல வேண்டும்.

மூன்றாவது படிதான் உயிர்நாடி. நம் கட்டுரை வகுப்புகளில் என்ன எழுத வேண்டும் என்று நிறையச் சொல்லிக்கொடுக்கிறோம். எதை விட்டோம், ஏன் விட்டோம் என்று கேட்பது குறைவு. சமூக ஊடகத்தில் தனிப் பயணப் படம் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி அவசரமாகத் தேவைப்படுகிறது. வண்டி, மலை, காப்பிக் கோப்பை, ஒரே ஆள் என்று படம் வரும். கேமராவைப் பிடித்த கை யாருடையது என்று கேட்கப் பழக வேண்டும்.

'டெசர்ட் சாலிடேர்' நல்ல நூலா? நல்ல நூல்தான். ஆபியைப்போல் ஒரு ஜூனிப்பர் மரத்தின் முன்னால் நாள்கணக்கில் உட்கார்ந்து, கடைசியில் 'இது எனக்குப் பிடிபடவே இல்லை' என்று ஒப்புக்கொண்ட எழுத்தாளர்கள் குறைவு. அந்தப் பணிவு அவருக்கு மரத்திடம் இருந்தது, பாம்பிடம் இருந்தது. டிரெய்லருக்குள் இருந்தவர்களிடமும் அது கொஞ்சம் நீண்டிருந்தால், நூலில் பாலைவனம் ஒரு பிடிகூடக் குறைந்திருக்காது. கைக்குழந்தையோடு பாலைவனத்தில் ஒரு கோடை எப்படி இருக்கும் என்று நமக்கும் தெரிந்திருக்கும்.